கேற்றடியில் எண்ணிய ஒன்பது பிழைகள்

அம்மா, நேற்று இரவு நீங்கள் கோல் எடுத்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான். உங்கள் மகள் உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் இரண்டு தாளும் எழுதி முடித்துவிட்டாள். வெளியே வந்து, கேற்றடியில் சைக்கிளைப் பிடித்தபடி மூன்று சிநேகிதப் பிள்ளைகளோடு விடை பார்த்திருக்கிறாள். எம்சிகியூவில் (பல்தேர்வு வினாக்களில்) ஒன்பது பிழை, ஸ்ட்ரக்சரில் (அமைப்புக் கட்டுரை வினாக்களில்) ஒரு கணக்கு முழுக்கப் பிழை என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பௌதிகவியலுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. "நான் போகவில்லை, அடுத்த முறை எடுக்கிறேன்" என்கிறாள். இனி பல்கலைக்கழகத்தில் மெடிசின் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

முதலில் அந்த ஒன்பதைப் பார்ப்போம். யாருடைய விடையோடு பார்த்து வந்த ஒன்பது அது? நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்கு ஒரே விடை, இவளுக்கு வேறு விடை, ஆகவே இவளுடையது பிழை என்ற கணக்கு. அந்த மூன்று பேரும் ஒரே ரியூசனுக்குப் போகிறவர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். ஒரே சேரிடம் (ஆசிரியரிடம்) ஒரே குறுக்குவழியைப் படித்தவர்கள் சேர்ந்து சரியும் செய்வார்கள், சேர்ந்து பிழையும் விடுவார்கள். ஒரு பழைய கேள்வி சொல்கிறேன். லீற்றருக்கு 10⁻⁸ மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தின் பீ.எச். பெறுமானம் என்ன? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் 8 என்பார்கள். அமிலத்தைத் தண்ணீர் விட்டு எவ்வளவு ஐதாக்கினாலும் அது காரமாகாது. தண்ணீரிலிருந்து வரும் ஐதரசன் அயன்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 7க்குச் சற்றுக் கீழேதான் வரும். கேற்றடியில் வாக்கெடுப்பு வைத்தால் 8 வென்றுவிடும்.

அதிலும் எம்சிகியூ தாளில் 41 முதல் 50 வரையான கூற்றுச் சோடிகள் இருக்கின்றனவே, அவை சண்டை மூட்டுவதற்கென்றே வந்தவை. இரண்டு கூற்றும் சரி, ஆனால் இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா இல்லையா என்பதில்தான் விடை 1ஆ 2ஆ என்று தங்கியிருக்கும். அதை ரோட்டில் நின்று இரண்டு நிமிடத்தில் தீர்க்க முடியாது. இரவு வட்ஸ்அப்பில் சேர்மாரின் விடைகள் வரும்போது இரண்டு சேர்மார் இரண்டு விடை போட்டிருப்பதை நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரக்சர் விஷயம் இன்னும் மோசம். அது இரண்டாம் தாளின் பகுதி ஏ; வினாத்தாளிலேயே எழுதி மண்டபத்தில் கொடுத்துவிட்டு வருவது. பிள்ளை கையில் கொண்டு வருவது பி, சி பகுதிகளின் வினாக்களை மட்டும்தான். அப்படியானால் அந்தத் தாளின் 1000 புள்ளியில் 400 புள்ளிக்கான பகுதியை முழுக்க ஞாபகத்தில் வைத்துத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணித்தியாலம் எழுதிக் களைத்த மூளையின் ஞாபகம் அது. அத்தோடு, கேற்றடியில் எல்லோரும் கேட்பது கடைசி இலக்கத்தை மட்டும்: "உனக்கு என்ன வந்தது?" புள்ளித்திட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சமன்பாட்டுக்குப் புள்ளி, பிரதியிட்டதற்குப் புள்ளி, அலகுக்குப் புள்ளி என்று படிப்படியாகப் போகும். கடைசி விடை பிழைத்த கணக்கிலும் புள்ளி கிடக்கும். கடைசி விடை சரியாக வந்தும், பௌதிக நிலை (திண்மமா, திரவமா, வாயுவா என்று) கேட்ட இடத்தில் அதை எழுதாமல் விட்டுப் புள்ளி இழந்தவர்களும் உண்டு.

சரி, ஒன்பதும் உண்மையிலேயே பிழை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மெடிசினுக்குப் பதில் அதில் இல்லை. பல்கலைக்கழகம் பார்ப்பது இசட் புள்ளியை. பிள்ளையின் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை, எல்லோருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் பிரித்து எடுப்பதுதான் அது. உதாரணத்துக்கு, சராசரி 45, நியம விலகல் 15 ஆக உள்ள கடினமான தாளில் 60 எடுத்தால் இசட் 1. சராசரி 60, விலகல் 20 ஆக உள்ள இலகுவான தாளில் 70 எடுத்தாலும் இசட் 0.5 தான். மகளுக்குக் கஷ்டமாக இருந்த தாள் மற்றவர்களுக்கும் கஷ்டமாக இருந்ததா என்று இன்று யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு மேல் மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு. அனுமதிக்கான அந்த வருட வெட்டுப்புள்ளி பிறகுதான் வரும். அதனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இன்று பதில் சொல்கிற ஆட்களை நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் பிரிக்கிறார்கள். இரசாயனவியலில் போனதாக நினைப்பதும் பௌதிகவியலில் இனி எடுக்கப்போவதும் ஒரே நிறை. பௌதிகவியலுக்குப் போகாவிட்டால், ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டும் என்பதால் எழுதி முடித்த உயிரியலும் சேர்ந்து வீணாகும். "அடுத்த முறை" என்று மகள் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள்.

நானும் இதில் அடிபட்டவன். தொண்ணூறுகளின் முற்பகுதி, கரண்ட் இல்லாத காலம். கெமிஸ்ட்ரி எழுதிவிட்டுக் கோயில் மதிலில் இருந்து விடை பார்த்தோம். என்னுடைய ஒரு முழுக் கட்டுரைவினா பிழை என்று நண்பர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அன்று இரவு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பச் செய்தேன், பௌதிகவியல் கொப்பியைத் தொடவில்லை. றிசல்ட் வந்தபோது கெமிஸ்ட்ரி நன்றாகத்தான் இருந்தது. இழுத்து விழுத்தியது பௌதிகவியல்.

இந்த மூன்று நாளும் உங்கள் பங்கு கொஞ்சம்தான். "எப்படிச் செய்தாய்" என்று கேட்காதீர்கள். கனடாவிலிருந்து பெரியம்மா வீடியோ கோலில் வந்து கேட்பார், அவரை நீங்களே கதைத்து அனுப்பிவிடுங்கள். கெமிஸ்ட்ரித் தாள்களை வாங்கி அலுமாரியில் வையுங்கள். பௌதிகவியல் முதல் தாள் முடிகிற நேரம் யாராவது கேற்றுக்குச் சற்றுத் தள்ளி நின்று நேரே கூட்டிக்கொண்டு வரட்டும். சிநேகிதிகளோடு கோபம் வேண்டாம், "கடைசித் தாள் முடிய எல்லாம் கதைப்போம்" என்று மகளே ஒரு வசனம் சொல்லலாம். அது அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வேறு வழிகளையும் கேட்டீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே திருநெல்வேலியில் விஞ்ஞான பீடம், மருத்துவ பீடத்துப் பக்கம் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டங்கள், கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம். இரசாயனத்தில் உண்மையான விருப்பம் இருந்தால் இராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் பட்ட மட்டக் கற்கையும் உண்டு, அது காசு கட்டிப் படிப்பது. ஆனால் இந்தக் கதையை இப்போது வீட்டில் எடுக்க வேண்டாம். அம்மா நம்பிக்கை இழந்துவிட்டார் என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும்.

கடைசித் தாள் முடிந்து ஒரு கிழமை போகட்டும். அலுமாரியிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டி வாருங்கள். அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக இருந்து செய்து பார்ப்போம்.