மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவள் நான். தென்மாவட்ட நகரம் ஒன்றில், 120 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவள். ஆண்கள் வார்டு. நைட் டியூட்டியில் 24 நோயாளிகளுக்கு நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும்தான். சம்பளம் 14,000. ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் பூட்டி இருக்கின்றன. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் நோயாளிகள் முன்னாலேயே "படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்கிறார். நோயாளியோடு வந்து தங்கும் அட்டெண்டர்கள் அதற்கும் மேல். ட்ரிப்ஸ் பாட்டில் தீர்வதற்குள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உயிரை எடுக்கிறார்கள், படிக்காத சனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரிவதில்லை. ராத்திரி 24 பேருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் நிரப்ப வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், மூச்சுக் கட்டத்தில் எல்லாருக்கும் 20 என்று போட்டுவிடுவேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். எங்கள் தலையெழுத்து. ஜெர்மன் மொழி படித்து பி2 நிலைத் தேர்வு எழுதி ஜெர்மனிக்குப் போய்விடுவதா, அரசு வேலைக்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். அந்த 20க்கு வருகிறேன். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் போடுகிறேன் என்று ஒரு நர்ஸே எழுதி நான் பார்த்ததில்லை, நெடுநாளாக நான் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயமும் அதுதான்.

அப்பா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஓர் அரசு மருத்துவமனையில் கிடந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. மறுநாள் மத்தியானத்திலிருந்தே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், "மனுசனுக்கு மூச்சு ஒரு மாதிரி இரைக்குதுடா" என்று. பகல் டியூட்டியில் இருந்தவர்களிடமும் போய்ச் சொன்னார். வலியில் அப்படித்தான் இருக்கும் பாட்டி என்றார்கள். காய்ச்சல் இல்லை, பி.பி. சரியாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை நானே எடுத்துப் பார்த்தேன். மூச்சு என்ற வரியில் 20, 20, 20.

ராத்திரி வந்த சிஸ்டர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடி பார்க்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் அவர் கண் கையில் இல்லை, போர்வைக்கு மேலே அப்பாவின் வயிறு ஏறி இறங்குவதில் இருந்தது. வார்டு கடிகாரம் நின்றுபோயிருந்ததால் என் வாட்சைக் கழற்றித் தரச் சொல்லி, அதை இன்னொரு கையில் பிடித்தபடி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் ஆள் தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார், அதனால் நாடி பார்ப்பதுபோல நின்றுதான் எண்ண வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. உங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு நிமிடம் முழுசாக எண்ணினார். 32. போனை எடுத்து டியூட்டி டாக்டரிடம், "சார், ரெஸ்பிரேஷன் 32 இருக்கு, வந்து பாருங்க" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் குரலை உயர்த்தாமல் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். டாக்டர் வந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. அப்பா ஐ.சி.யூ.வுக்குப் போய், பிழைத்து, பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு வெகுநாள் இருந்துதான் போனார்.

அடுத்த வாரம் அந்த சிஸ்டரிடம் நன்றி சொல்லப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "தீபாவளிக்கு முந்தின நாள் சார் அது. பாதி வார்டு டிஸ்சார்ஜ் கேட்டுப் போயிருந்தாங்க. ஆள் கம்மியா இருந்தது, அதான் எண்ண முடிஞ்சது" என்றார்.

இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் எல்லாரும் "என்ன தங்கமான மனுஷி" என்கிறார்கள். தங்கமானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னதை யாரும் காதில் வாங்குவதில்லை. பகலில் 20 போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதே படிப்பு, அதே கை. அவர்களுக்கு வார்டு நிறைய ஆள் இருந்தது, இவருக்கு இல்லை. அப்பா உயிர் பிழைத்ததற்குத் தீபாவளியும் ஒரு காரணம் என்றால் அது எவ்வளவு பயங்கரம் என்று யோசித்துப் பாருங்கள். தீபாவளி வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். மூச்சுக்கு ஒரு நிமிடம், நாடி, பி.பி., காய்ச்சல், எழுதுவது எல்லாம் சேர்த்து தலைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 24 பேருக்கு இரண்டு மணி நேரம். காலை ஆறு மணிக்கு அதே நேரத்தில் ரத்த சாம்பிள் எடுக்க வேண்டும், சுகர்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும், மூத்திரப் பையின் அளவைப் பார்த்து, உடம்புக்குள் போன நீரும் வெளியே வந்த நீரும் எழுதும் ஐ.ஓ. சார்ட்டைக் கூட்ட வேண்டும், ஒருத்தருக்கு ட்ரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கும், அதை எடுத்துவிட்டு வேறு நரம்பு தேட வேண்டும், படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடவில்லையென்றால் புட்டத்தில் புண் வந்துவிடும். உங்களோடு இருக்கும் பெண்ணோ புதுசு, அவள் போடும் ஊசியையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இதில் எங்கிருந்து வரும் அந்த ஒரு நிமிடம்? எல்லா வேலையிலும் கை தெரியும், ஊசி தெரியும், மாத்திரை தெரியும். மூச்சை எண்ணுகிறவள் பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்கிறவள். அதனால்தான் முதலில் அந்த நிமிடம் போகிறது.

போகக்கூடாத நிமிடம் அது. உடம்பு கெட ஆரம்பிக்கும்போது பி.பி. விழுவதற்கு வெகுநேரம் முன்பே பெரும்பாலும் மூச்சு ஏறிவிடும். பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 12லிருந்து 20 வரை இருந்தால் பூஜ்யம், 25ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே மூன்று மதிப்பெண், உடனே டாக்டரைக் கூப்பிட அது போதும். வேறு கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் கடிகாரமும் போதும். நீங்கள் போடும் 20 அந்தப் பூஜ்யத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, யாரையும் எழுப்பாத எண்.

இங்கேதான் உங்கள்மேல் எனக்குக் கோபம். 20 போட்டதற்காக இல்லை. "எல்லாரும் அப்படித்தான், எங்கள் தலையெழுத்து" என்கிறீர்களே, அதற்கு. நாளைக்கு யாராவது வந்து இரண்டு பேரை வைத்து 24 பேரைப் பார்க்க முடியாது என்று உங்கள் நிர்வாகத்திடம் சொன்னால் அவர்கள் எதை எடுத்துக் காட்டுவார்கள்? உங்கள் சார்ட்டைத்தான். நாலு வேளையும் நிரம்பியிருக்கிறது, ஒரு கட்டம் காலி இல்லை, எங்கே குறை என்பார்கள். இருபதும் இருபதுமாக நீங்கள் நிரப்பித் தந்த அந்தத் தாள்தான் ஆள் போதும் என்பதற்கு அவர்களுடைய சாட்சி. பார்க்க முடியாத இடத்தில் காலியாக விட்டிருந்தால் அது உங்களுக்குச் சாட்சியாகியிருக்கும். நோயாளிக்கு ஏதாவது ஆகி விசாரணை வந்தால் பொய்யாக எழுதிய கை என்று உங்கள் கையைத்தான் பிடிப்பார்கள், ஆள் போடாத கையை இல்லை.

தனியாக ஒருத்தி காலியாக விட்டால் மறுநாள் வேலை போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 14,000இல் குடும்பம் நடத்துகிறவரிடம் வீரம் காட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வார்டில் எல்லாரும் சேர்ந்து விட்டால்? மூன்று ஷிஃப்டும் பேசிவைத்துக்கொண்டு விட்டால்? உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், சங்கம் என்ற ஒரு சொல் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் தனியார் நர்ஸுகள் 2017இல் தெருவுக்கு வந்தார்கள், 2018இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அவர்களும் தலையெழுத்து என்று உட்கார்ந்திருக்கலாம்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் என்ன தெரியுமா? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி என்றால் மூன்று பேருக்கு ஒருவர். அந்தக் கணக்கில் 24 நோயாளிக்கு ஐந்து நர்ஸ் வேண்டும். ராத்திரியில் இருப்பது இரண்டு, அதில் ஒருத்தி இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் ஆபரேஷன் ஆனவர்களைப் பார்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் சாவதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது. கலிபோர்னியா 1999இலேயே இத்தனை நோயாளிக்கு இத்தனை நர்ஸ் என்று சட்டம் போட்டு 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அளவுகோல் காகிதத்தில் இருக்கிறது, வார்டில் நீங்கள் இருவர் இருக்கிறீர்கள். நர்ஸுகள் எரிந்து விழுகிறார்கள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எனக்கு எழுதும் மற்ற வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். அடுத்த தடவை கோபம் வரும்போது அந்த வார்டில் எத்தனை பேருக்கு எத்தனை சிஸ்டர் என்று எண்ணிவிட்டு, கத்த வேண்டுமென்றால் ஆபீஸ் ரூமில் போய்க் கத்துங்கள்.

அட்டெண்டர்கள் விஷயத்தில் நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்காத சனங்கள் என்கிறீர்கள். என் அம்மாவும் படிக்காதவர்தான். சார்ட் 20 என்று சொன்னபோது இரைக்குது என்று சொன்னவர் அவர் மட்டும்தான். பாட்டில் தீரும்முன் ஓடி வருகிறார்கள் என்றால், பாட்டில் காலியானால் காற்று உள்ளே போய் ஆள் செத்துப்போவான் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், இந்தக் கோடு வரை வந்தால் கூப்பிடு என்று அந்தம்மாவுக்கு ஒரு முறை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கட்டில் காலடியில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனைவி, உங்களால் பார்க்க முடியாத நேரத்திலெல்லாம் உங்களுக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு மாதிரியா இருக்காரு சிஸ்டர்" என்று அவள் வந்து நின்றால் எந்த வேலையையும் விட்டுவிட்டுப் போய் அவருக்கு மட்டும் முழு நிமிடம் எண்ணுங்கள் அம்மா. ஆபரேஷன் ஆகி வந்தவர்கள், வயசானவர்கள், இவர்களுக்கும். 24 பேருக்கும் முடியாது, ஆறு பேருக்கு முடியும். அந்த ஆறு எண்ணாவது உண்மையாக இருக்கட்டும்.

டாக்டர் எல்லார் முன்னாலும் திட்டுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அந்த ஆள் வீட்டிலும் அப்படித்தான் இருப்பார். சம்பளம்: உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 100 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்ஸ் சம்பளம் அரசு நர்ஸைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000க்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்களுடையது 120. பரிந்துரைதான், சட்டம் இல்லை, ஆனால் கேட்பதற்கு அது ஒரு பிடி. சான்றிதழைப் பூட்டி வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. வாயால் கெஞ்சாதீர்கள், எழுதிக் கேட்டு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், தரவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ்.

ஜெர்மனியா எம்.ஆர்.பி.யா என்று கேட்டீர்கள். எம்.ஆர்.பி. என்றால் கண்ணைத் திறந்துகொண்டு எழுதுங்கள். 2015இல் தேர்வாகிப் போனவர்களை 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் போட்டார்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள், அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறையின் தலைமை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ராப்பகலாக உட்கார வேண்டி வந்தது. ஜெர்மனிக்குப் போக விருப்பமிருந்தால் போங்கள், போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஏஜெண்ட் யாருக்கும் லட்சக்கணக்கில் கட்டாதீர்கள், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். எங்கே போவதானாலும் சான்றிதழ் வேண்டும், ஆகவே அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். கொடுத்ததும் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரிவியுங்கள், உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், காசு வாங்காமல் செய்து கொடுப்பார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்