வியாழனின் ஒளிர்வு: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் பெருங்கோள்களின் வளியொளிர்வு (வெயில் பட்டு மேல்வளி வாயுக்கள் ஒளிர்வது) பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் சில.

கேள்வி (ஹட்டன்): வியாழனின் வளியொளிர்வு என் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் தெரியுமா?

தெரியாது. அது லைமன் ஆல்பா எனும் ஐதரசனின் கழியூதா ஒளி, கண்ணுக்குத் தெரியாது; அலைநீளம் சுமார் 122 நனோமீற்றர். நமது ஒட்சிசன் அதை 70 கி.மீ. உயரத்திலேயே தடுத்துவிடும். பிதுருதலாகலையின் 2500 மீற்றர் ஏறியும் பயனில்லை. விண்கலம் வேண்டும். நீங்கள் வியாழனின் நிலவுகளைப் பாருங்கள்.

கேள்வி (பண்டாரவளை, உயர்தர மாணவி): சூரிய ஒளி வாயுவை எப்படி ஒளிரவைக்கிறது?

ஐதரசன் அணு சூரியனின் லைமன் ஆல்பாவை வாங்கி, அதே அலைநீளத்தில் எல்லாப் பக்கமும் சிதறவிடும். ஈலியமும் 58 நனோமீற்றரில் இதையேதான் செய்கிறது. ஐதரசன் மூலக்கூறோ கழியூதாவை உறிஞ்சி, பல அலைநீளங்களில் பிரித்து வெளிவிடும். இன்னும் குறுகிய கதிர் பட்டால் இலத்திரன் ஒன்று தெறித்து, அடுத்த மூலக்கூறில் மோதி அதையும் ஒளிரவைக்கும். இலத்திரன் மோதினாலும், கிளப்பிவிட்டது சூரிய ஒளிதான். மறக்காதீர்கள்.

கேள்வி (நுவரெலியா): வாட்ஸ்அப்பில் வந்த வியாழன் படத்தில் உச்சியில் நீல வளையம். நீங்கள் சொன்ன வளியொளிர்வு இதுதானே?

இல்லை. எத்தனை தடவைதான் சொல்வது! அது துருவ ஒளி. காந்தப்புலக் கோடுகள் வழியாக இறங்கும் மின்னேற்றத் துகள்கள் துருவத்தில் மோதி எழுப்புவது. அயோ நிலவின் எரிமலைகள் கக்கும் பொருளும், பத்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சுழலும் வியாழனின் வேகமும் அதற்குத் தீனி. வளியொளிர்வு வேறு: வெயில் படும் பக்கம் முழுக்கப் பரந்து கிடக்கும், வளையமாகத் தெரியாது. முதலில் கேளுங்கள்: மோதவைத்தது ஒளியா, துகளா?

அப்புறம் அந்த நீலம். அந்தத் துருவ ஒளியும் கழியூதாவில் எடுத்ததுதான்; கழியூதாவுக்குக் கண்ணறியும் நிறமே கிடையாது. படம் செய்பவர்கள் பூசுவது. 2016 இல் வெளிவந்த ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில், துருவ ஒளியை வேறொரு சமயம் எடுத்த சாதாரண ஒளிப்படத்தின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். அதை மறைக்கவில்லை, படக்குறிப்பிலேயே எழுதினார்கள். குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: யுரேனஸ் ஏன் மின்னுகிறது?

எந்த அலைநீளத்தில்? பகல் பக்கமா, இரவா? ஊரும் இல்லை, விவரமும் இல்லை. 1986 சேதியைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே வெயில் நமக்குக் கிடைப்பதில் சுமார் 370 இல் ஒரு பங்குதான். ஆனாலும் அவ்வருடம் அதைக் கடந்துபோன வொயேஜர் 2 விண்கலம் பகல் பக்கத்தில் பலமான கழியூதா ஒளிர்வைக் கண்டது. புதிதாக ஏதோ இலத்திரன் வேலை என்று எண்ணி ‘எலக்ட்ரோகுளோ’ எனப் பெயரிட்டார்கள். பின்னால் கணக்குப் போட்டவர்கள், மேலே மாணவிக்குச் சொன்ன வழிகளே பெரும்பாலும் போதும் என்று காட்டினார்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): ஒளிர்வு எப்போதும் ஒரே அளவா?

இல்லை. சூரியனின் 11 வருடச் சுழற்சியோடு ஏறி இறங்கும்.

கேள்வி (பதுளை): பனிமூட்டத்தில் கழியூதா வராது என்று கொழுந்து பறிக்கப் போகும் அம்மா சொல்கிறார். சரியா?

சரியில்லை. மெல்லிய மூட்டத்தைத் தாண்டி வரும். 1000 மீற்றர் ஏறினால் 10 வீதம் கூடவும் செய்யும். அது 300 நனோமீற்றருக்கு மேற்பட்டது, வியாழனோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அம்மாவைத் தலையில் துணி போட்டுக்கொண்டு மலைக்குப் போகச் சொல்லுங்கள்.