624 குரல்கள்: இசை கேள்வி–பதில்

கேள்வி: பிரிட்டனின் 10சிசி இசைக்குழுவின் 1975-ஆம் ஆண்டுப் பாடலான ‘ஐ’ம் நாட் இன் லவ்’ முழுவதும் பின்னணியில் ஓயாமல் ஒலிக்கும் அந்தக் குழுக்குரல், சிந்தசைசரா (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் வாத்தியம்) அல்லது உண்மையிலேயே ஒரு பாடகர் குழுவை வரவழைத்துப் பாடவைத்தார்களா?

பதில்: இரண்டும் இல்லை. அது மூன்றே பேரின் குரல். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட் நகரின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் அந்தப் பாடல் உருவானது. குழுவைச் சேர்ந்த எரிக் ஸ்டூவர்ட் அந்த ஸ்டூடியோவின் பங்குதாரர்களில் ஒருவர் என்பதால், வெளியாரின் ஸ்டூடியோவில் வாடகையைக் கணக்கிட்டபடி செய்திருக்கவே முடியாத பொறுமையான வேலை அங்கே சாத்தியமாயிற்று.

ஸ்டூவர்ட் ஒலிப்பதிவு மேசையில் அமர்ந்துகொள்ள, கெவின் காட்லி, லால் கிரீம், கிரஹாம் கோல்ட்மேன் ஆகிய மூவரும் ஒரே சுரத்தை நீட்டிப் பாடினார்கள். 16 ட்ராக் டேப்பில், அதாவது பதினாறு தனித்தனித் தடங்கள் கொண்ட ஒலிநாடாவில், அதையே 16 முறை பதிந்தபோது ஒரு சுரத்துக்கு 48 குரல்கள் சேர்ந்தன. இப்படி ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களையும், மேல் ஸ்தாயியின் தொடக்கச் சுரத்தையும் சேர்த்து 13 சுரங்களைப் பதிந்ததால் மொத்தம் 624 குரல்கள் ஆயின. முன்பே பதிந்த டேப்களைக் கட்டைகளால் ஒலிக்கச் செய்யும் மெல்லோட்ரான் என்ற வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் உரிய டேப் சுமார் எட்டு நொடிகளில் தீர்ந்துவிடும்; இவர்களுக்கோ மூச்சு வாங்காமல், முடிவே இல்லாமல் ஒலிக்கும் குரல் வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு சுரத்தின் டேப்பையும் முனையோடு முனை ஒட்டி நீண்ட வளையமாக்கி, டேப் இயந்திரத்திலிருந்து வெளியே இழுத்து, ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டு, அந்த ஓயாத ஒலியை மறுபடியும் 16 ட்ராக் டேப்பில் சுரத்துக்கு ஒரு ட்ராக்காகப் பதிந்தார்கள்.

எனக்கு வியப்பளிப்பது இதற்கு அடுத்த கட்டம்தான். பதிமூன்று ட்ராக்குகளில் பதிமூன்று சுரங்கள் நிரந்தரமாக ஒலித்துக்கொண்டிருக்க, பாடலின் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போதெல்லாம் அதற்குரிய சுரங்களின் ஃபேடர்களை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளை, மேலேற்றியும் மற்றவற்றைக் கீழிறக்கியும், நால்வரும் கலவை மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள். எந்த ஃபேடரும் அடியோடு மூடிவிடாதபடி கீழ்ப்பகுதியில் ஒட்டுநாடாவை ஒட்டித் தடுத்துவிட்டதால், பதிமூன்று சுரங்களும் எப்போதும் மெல்லிய முணுமுணுப்பாக அடியில் தங்கிவிட்டன. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த முணுமுணுப்பைப் பிரித்து உணரலாம். தாளத்துக்குக்கூட டிரம் செட்டை நம்பாமல், மூக் சிந்தசைசரிலிருந்து எடுத்த மெல்லிய துடிப்பையே வைத்தார்கள்.

கேள்வி: பாடலை இயற்றும்போதே இந்த ஏற்பாடு மனத்தில் இருந்ததா?

பதில்: இல்லை. ஸ்டூவர்ட்டும் கோல்ட்மேனும் இயற்றிய முதல் வடிவம் போஸா நோவா என்ற பிரேசில் இசைப்பாணியின் தாளத்தில் அமைந்தது. அது காட்லிக்குச் சற்றும் பிடிக்காததால் கைவிடப்பட்டது. ஆனால் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததைக் கேட்ட ஸ்டூவர்ட் மீண்டும் பேச்செடுத்தபோது, வாத்தியங்களை விட்டுவிட்டுக் குரல்களாலேயே கட்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவரும் அதே காட்லிதான். குறை சொன்னவரே வழியும் சொல்வது இசைக்குழுக்களில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

கேள்வி: நடுவில் ஒரு பெண் ரகசியமாகப் பேசுகிறாரே, அவர் யார்?

பதில்: ஸ்டூடியோவின் வரவேற்பாளர். தொலைபேசி அழைப்பு வந்திருப்பதைச் சொல்ல உள்ளே வந்தவர், ஒலிப்பதிவைக் குலைக்கக் கூடாதே என்று தணிந்த குரலில் பேசினார். அந்தக் குரல் பிடித்துப்போனதால் அவரையே மைக் முன் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: ‘நான் உன்னைக் காதலிக்கவில்லை’ என்று சொல்லும் பாடலை மக்கள் காதல் பாடலாகக் கொண்டாடியது எப்படி?

பதில்: பாடலில் பேசுபவன் சொல்வதை யாரும் நம்பவில்லை, நம்பக் கூடாது என்பதற்காகவே அது எழுதப்பட்டது. அவள் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்குள்ள கறையை மறைக்கத்தான் என்கிறான். தான் தொலைபேசியில் அழைத்ததை நண்பர்களிடம் பரபரப்பாகச் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொள்கிறான். அக்கறை இல்லாதவனுக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு? ‘காதலிக்கிறேன்’ என்று அடிக்கடி சொல்வதில்லை என்று மனைவி குறைபட்டதிலிருந்தே பாடல் பிறந்ததாக ஸ்டூவர்ட் கூறியிருக்கிறார். வரிகள் மறுப்பதையெல்லாம் பின்னணிக் குரல்கள் ஒப்புக்கொண்டே போவதால்தான், அந்த 624 குரல்களின் உழைப்பு வெறும் தொழில்நுட்ப வித்தையாக நின்றுவிடவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: வெளியானபோது வரவேற்பு எப்படி இருந்தது?

பதில்: ஆறு நிமிட நீளம்தான் இடையூறாக இருந்தது. மூன்று நிமிடப் பாடல்களுக்குப் பழகிய வானொலிக்காக அதைச் சுருக்க வேண்டியிருந்தது. ஆயினும் 1975 ஜூனில் பிரிட்டனின் தரவரிசையில் இரண்டு வாரங்கள் முதலிடம் வகித்தது. அமெரிக்காவில் மூன்று வாரங்கள் இரண்டாமிடத்தில் நின்றது. அந்த மூன்று வாரங்களிலும் முதலிடத்தில் இருந்தவர்கள் ஒருவரல்லர்: முதலில் வான் மெக்காய், அடுத்து ஈகிள்ஸ், பிறகு பீ ஜீஸ். வாரத்துக்கொரு போட்டியாளரிடம் முதலிடத்தை இழப்பது உண்மையில் ஒருவரிடம் தோற்பதைவிடக் கொடுமை. அதே ஆண்டின் இறுதியில் குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’, ஏறத்தாழ அதே நீளத்தோடு வந்து பிரிட்டனில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றபோது, நீளத்தைக் காரணம் காட்டி மறுப்பது இன்னும் கடினமாகியிருந்தது.

கேள்வி: இதே நால்வரும் இப்படி இன்னொரு பாடல் செய்தார்களா?

பதில்: இந்த அளவுக்கு இல்லை. 1976-இல் காட்லியும் கிரீமும் தாங்கள் உருவாக்கிவந்த கிஸ்மோ என்ற கிட்டார் கருவியை முன்னிட்டுக் குழுவிலிருந்து விலகினார்கள். ஸ்டூவர்ட்டும் கோல்ட்மேனும் அதே பெயரில் குழுவைத் தொடர்ந்து நடத்தினார்கள்.