தொட்டி சின்னது என்றால் தங்க மீனும் சின்னதாகவே இருந்துவிடுமா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் இரண்டு தங்க மீன் வாங்கினேன். பத்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கின்றன. வாரம் ஒரு முறை தண்ணீர் முழுவதையும் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் வாங்கியபோது இருந்த விரல் நீளத்தைத் தாண்டவில்லை. 'தொட்டிக்கு ஏற்ற அளவுக்குத்தான் வளரும்' என்கிறார்கள், உண்மையா? ஒரு மீன் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அதன் துடுப்பு ஓரத்தில் கறுப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது. மருந்து விடலாமா?

பதில்: மருந்து இப்போது வேண்டாம். வளராதது, மேலே வந்து நிற்பது, கறுப்பு படர்வது மூன்றுக்கும் காரணம் தண்ணீராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

'தொட்டிக்கு ஏற்ற அளவு' என்பது பாதி உண்மை. சின்னக் கிண்ணத்து மீன் சின்னதாகவே நின்றுவிடுவதை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அது இடத்தைப் பார்த்துத் தன் அளவை முடிவு செய்துகொள்வதில்லை. கொஞ்சத் தண்ணீரில் கழிவு சீக்கிரம் சேருகிறது, அதில் மீன் வளர முடியாமல் தேங்குகிறது. நூறு லிட்டர் தொட்டியாக இருந்தாலும் தண்ணீரைக் கெட்டுப்போக விட்டால் இதே கதைதான்.

தங்க மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் எப்போது பார்த்தாலும் எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும், கழிவும் அதற்கேற்ப அதிகம். அந்தக் கழிவில் பெரும்பங்கு அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. பளிங்கு மாதிரித் தெரியும் தண்ணீரிலும் மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கலாம். மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது மூச்சுத் திணறலின் அடையாளம். போதாததற்கு, கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்பினால் காற்றுபடும் பரப்பும் குறுகிவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்.

கறுப்புக்கு வருவோம். அம்மோனியாவால் புண்ணான இடம் ஆறும்போது தங்க மீனுக்குக் கறுப்பு நிறமி படர்வதுண்டு. தண்ணீர் சரியானதும் சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். துடுப்பு அரிக்கப்பட்டு ஓரம் கந்தலாக இருந்தாலோ, பஞ்சு போல எதாவது ஒட்டியிருந்தாலோ அது வேறு விஷயம், அப்போது மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

முழுத் தண்ணீரையும் மாற்றுகிறீர்களே, பிறகு எப்படிக் கெடும் என்று கேட்கலாம். கெடுவதே அங்கேதான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டி வாழ்கின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட்டின் கேடு அவற்றைவிட மிகக் குறைவு. நீங்கள் தேய்த்துக் கழுவும்போது இந்தப் பாக்டீரியாக் கூட்டமும் சேர்ந்து போய்விடுகிறது. புதுத் தொட்டியில் இது நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் கிண்ணம் வாராவாரம் புதுத் தொட்டியாகிக்கொண்டே இருக்கிறது!

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மீனுக்கும் சேர்த்துக் குறைந்தது நூறு லிட்டர் நீள்செவ்வகத் தொட்டி, அதற்குத் தகுந்த ஃபில்டர், ஏர் பம்ப். அது வரும்வரை கிண்ணத்தில் ஏர் பம்ப் போட்டு, தினமும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரின் வெப்பநிலையிலேயே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்கும் திரவத்தைச் சேருங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், தீவனத்தைவிட அது முக்கியம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு நாற்பது மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும்.

தொட்டி நிலைபெற்ற பிறகு வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொண்டால், எடுத்த பழைய தண்ணீரில் ஒரு பிழி பிழிந்து அப்படியே திரும்பப் போடுங்கள். வெளியே வரும் பழுப்புக் கலங்கலைப் பார்த்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்க்கத் தோன்றும். வேண்டாம். உணவு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை. தொட்டி புதிதாக இருக்கும்வரை இதையும் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம் எவ்வளவு வளரும்? மீனைப் பின்பக்கமிருந்து, முடிந்தால் மேலேயிருந்தும் பாருங்கள். வால் ஒற்றைத் தகடாக நின்றால் நீள உடம்புக்காரர். நல்ல இடம் கிடைத்தால் 25 சென்டிமீட்டரைத் தாண்டும், தொட்டியைவிடக் குளமே ஏற்றது. வால் இரண்டாகப் பிரிந்து உடம்பு உருண்டையாக இருந்தால் 15 முதல் 20 வரை வரலாம். முதல் இரண்டு ஆண்டில்தான் வேகமான வளர்ச்சி, பிறகு மெதுவாகும். உங்கள் மீன்கள் இன்னும் இளசுதான், நல்ல தண்ணீர் கிடைத்தால் விட்டதில் ஓரளவாவது பிடித்துக்கொள்ளும். பல வருடம் தேங்கிய மீனுக்கு அந்த அளவு நம்பிக்கை சொல்ல மாட்டேன். ஆயுளும் நாம் நினைப்பதுபோல ஓரிரு வருடமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு சாதாரணம். இங்கிலாந்தில் 1956இல் ஒரு விழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்க மீன் 1999 வரை இருந்தது.

பெரிய தொட்டிக்கு வீட்டில் இடமே இல்லையென்றால், வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுவது தப்பில்லை. ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். அங்கே அது பிழைத்துக்கொள்ளும், அடியைக் கிளறிச் சேறாக்கி, அங்குள்ள மீன்களின் தீனியையும் தின்று தீர்க்கும்.