பட்டறைப் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். ரேஞ்சுக்குப் போய்த் துப்பாக்கி சுடுவது என் பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைத் தூக்கிப் போடாமல் வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ள ஆசை. கராஜ் மூலையில் ஒரு ஒர்க் பெஞ்ச் போடலாமா? – ஒரு டெக்சாஸ் வாசகர்

பதில்: பெஞ்ச் இருக்கட்டும், உங்கள் விசா என்ன? எச்-1பி வேலை விசா என்றால் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக்கூடக் கையில் வைத்திருக்க ஃபெடரல் சட்டம் விடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள ஃபெடரல் உரிமமும் வேண்டாம். காசு வாங்கி அடுத்தவருக்கு நிரப்பித் தரும் தொழிலில் இறங்கினால் வேண்டும்.

கராஜ் வேண்டாம். டெக்சாஸ் வெயிலில் பவுடர் (உறைக்குள் நிரப்பும் மருந்து) கெடும், ஈரத்தில் பிரைமர் (அதைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் சின்ன மூடி) கெடும். போதாததற்குப் பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் அங்கேதான் எரிந்துகொண்டிருக்கிறது. ஏசி உள்ள, கார்ப்பெட் இல்லாத, பூட்டக்கூடிய சின்ன அறை போதும்.

நான் அம்பத்தூரில் டூல்ரூமில் இருந்தவன். ஆடுகிற பெஞ்சைப் பார்த்தாலே கை பரபரக்கும். சுட்டதில் விரிந்த உறையைப் பிரஸ் என்கிற கை அழுத்தியில் வைத்து மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போது அதன் கைப்பிடியில் உடம்பு பாரத்தையே போடுவீர்கள். கடையில் வாங்கும் கம்ப்யூட்டர் மேசை அதற்குத் தாங்காது. 4x4 மரக்கால், முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டிய மேல்பலகை, பின்சட்டத்தைச் சுவருக்குள் இருக்கும் ஸ்டட்களோடு (செங்குத்து மரச்சட்டங்கள்) முடுக்கிவிடுங்கள். வழக்கமாக அவை 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். பிரஸ்ஸை ஒரு காலுக்கு நேர் மேலே வையுங்கள். மர ஸ்க்ரூ போடாதீர்கள். அடிவரை துளைத்து, வாஷரோடு போல்ட் போடுங்கள். பவுடர் நிறுக்கும் தராசு ஏசி காற்று படாத இடத்தில் இருக்கட்டும். பவுடர் போட்ட உறைகளுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி வெளிச்சம் நேர் மேலிருந்து விழவேண்டும். ஓர் உறையில் பவுடர் இரண்டு தரம் விழுந்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

பவுடரை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ விதிப்படி வீட்டில் 20 பவுண்டு வரை வைக்கலாம்; அதற்கு மேல் 50 வரை என்றால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர்த் தீயணைப்பு விதி இன்னும் கறாராக இருக்கலாம், விசாரியுங்கள். 'இரும்பு சேஃப்தானே பத்திரம்' என்று பவுடரை அதற்குள் வைத்துவிடாதீர்கள். திறந்த இடத்தில் இந்தப் பவுடர் சீறி எரியும், அவ்வளவுதான். இறுக மூடிய இரும்புக்குள் எரிந்தால் அழுத்தம் ஏறிப் பெட்டியே குண்டாகிவிடும். பூட்டு போட்ட மர அலமாரி நல்லது. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுங்கள். சிந்தியதை வாக்யூம் போட்டு உறிஞ்சாதீர்கள். பிரஷும் முறமும் போதும்.

எவ்வளவு பவுடர் என்று என்னிடம் கேட்காதீர்கள். பவுடர் கம்பெனி வெளியிடும் கையேட்டில் உள்ளது மட்டுமே கணக்கு. ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் கணக்கில் வராது.

கேள்வி: என் கணவர் லாண்ட்ரி அறையில் சுட்ட தோட்டா உறை கழுவும் மெஷின் வைத்திருக்கிறார். குழந்தைக்கு இரண்டு வயது. பயப்பட வேண்டுமா? – ஒரு வாசகி, அரிசோனா

பதில்: ஆமாம் அம்மா. சுட்ட உறைக்குள் இருக்கும் கரியில் ஈயம் உண்டு, பிரைமரிலிருந்து வருவது. உலர்வாக உருட்டும் மெஷின் என்றால் அந்தத் தூசி மூடியைத் திறக்கும்போதெல்லாம் பறக்கும். முதலில் மெஷினை அந்த அறையிலிருந்து வெளியேற்றச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி உருட்டுகிற வகை இருக்கிறது, தூசி கிளம்பாது. அந்த அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் இருந்தால் சரி. வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். மருத்துவரிடம் குழந்தைக்கு ஈய ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021-லிருந்து கவனிக்கவேண்டிய அளவாக வைத்திருப்பது டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்.

கேள்வி: கோவையில் உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருக்கிறேன். நானும் வீட்டில் தோட்டா நிரப்பலாமா? – ஒரு வாசகர்

பதில்: கூடாது சார். 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் உரிமம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு.