சேலத்தில் இருந்தபடி குடும்ப ஆலோசகர் ஆக முடியுமா?

பி.எஸ்சி. உளவியல் முடித்த ஒரு தங்கை, திருமண, குடும்பச் சிகிச்சை (தம்பதியர், குடும்பத்தாரின் உறவுச் சிக்கல்களுக்கு உளவியல் முறையில் ஆலோசனை தருவது) படித்தால் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. ஆனால் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் இதற்குத் தனி உரிமமே இருக்கிறது. கலிபோர்னியாவில் முதுநிலைப் பட்டத்தோடு மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவமும் கேட்பார்கள். நம் நாட்டில் அப்படித் தனி உரிமம் கிடையாது. உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுநிலை முடித்து, அப்புறம் குடும்பச் சிகிச்சையில் பயிற்சி எடுப்பதே வழி. முதுநிலைக்கு நம்ம பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் படிப்பு 'யார் மேல் தப்பு' என்று தேடாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தாமதமாக வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். மனைவி ஏன் என்கிறார். அந்தக் கேள்விக்குப் பயந்தே மறுநாள் இன்னும் தாமதம். கேள்வியும் இன்னும் காரம். நடுவில் மாமியார், "முதல்ல அவன் சாப்பிடட்டும்." மூவரையும் உட்காரவைத்து இந்தச் சுழலைக் காட்டுவதுதான் சிகிச்சையாளரின் வேலை.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே ஆலோசகர்களுக்கு இடம் உண்டு. மருத்துவமனை, தொண்டு நிறுவனம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றிலும் வாய்ப்பு இருக்கிறது. சொந்தமாக ஆலோசனை அறை போடுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சேலத்தில் சொந்தக்காரர் கண்ணில் படாமல் ஆலோசனைக்கு வருவதே பெரும்பாடு!