ஆமைக் குஞ்சு சாப்பிடவில்லையா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளின் பிறந்தநாளுக்கு மீன்தொட்டிக் கடையில் இரண்டு பச்சை ஆமைக் குஞ்சுகள் வாங்கினோம். காதுப் பக்கத்தில் சிவப்புக் கோடு இருக்கிறது. கடைக்காரர் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியும் ஒரு பக்கற் காய்ந்த கூனியும் தந்தார். மழை தொடங்கியதில் இருந்து இரண்டும் சாப்பிடுவதில்லை. ஒன்று கண்ணை மூடியபடியே கிடக்கிறது. சோறு, பாண் ஏதாவது போட்டுப் பார்க்கலாமா? மாமியார் வேறு, ஆமை வீட்டுக்கு ஆகாது என்கிறார்."

சோறும் வேண்டாம், பாணும் வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: மழை தொடங்கியதில் இருந்து.

சிவப்புக் கோடு என்பதால் இவை செங்காது ஆமைகள். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது. தண்ணீர் எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவுதான். குளிர்ந்துவிட்டால் அதன் குடல் வேலை செய்யாது, பசியும் எடுக்காது. குஞ்சுகளுக்கு 26 முதல் 28 பாகை செல்சியஸ் வேண்டும். யாழ்ப்பாண வெயிலில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் கார்த்திகை, மார்கழி மழைக்கு, இரவில் சீமெந்துத் தரையில் வைத்த பெட்டித் தண்ணீர் 23, 24 பாகைக்கு இறங்கிவிடும். மீன்தொட்டிக்கு விற்கும் வெப்பமானி ஒன்று வாங்கிப் போடுங்கள். கையால் தொட்டுச் சொல்ல முடியாது. குறைவாக இருந்தால் 50 வாற்ஸ் மீன்தொட்டி ஹீற்றர் போதும். அது முழுதாகத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். குஞ்சு அதன் மேல் ஏறிப் படுக்காதபடி ஒரு மறைப்பும் வேண்டும்.

ஏறிக் காய ஓர் இடமும் தேவை. அந்தச் சின்னப் பெட்டியில் இது இருக்காது. உடைந்த கூரை ஓட்டுத் துண்டு ஒன்றை, ஒரு முனை தண்ணீருக்குள்ளும் மறுமுனை வெளியிலும் நிற்கும்படி சாய்த்து வையுங்கள். முருகைக்கல் வேண்டாம், வயிற்று ஓட்டைக் கீறிவிடும். அந்தக் கூரை ஓட்டுக்கு மேலே 40 வாற்ஸ் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்ஈடி வெளிச்சம் தரும், சூடு தராது.

அப்புறம் வெயில். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்துக் கொடுத்தாலும் ஓட்டில் சேராது. ஓடு மெத்தென்று ஆகும். யன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் உள்ளே வரும் வெயில் கணக்கில் இல்லை. வெயில் வரும் நாளில் காலை எட்டரை, ஒன்பது மணிக்கு ஒரு பேசினில் விட்டு முற்றத்தில் இருபது நிமிடம் வையுங்கள். பாதி பேசின் நிழலில் இருக்கட்டும். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், குஞ்சு செத்துப்போகும். பேசினை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். மேலே ஒரு வலைத் துண்டு கட்டாயம். நம்மூர்க் காகங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

தண்ணீர் ஓட்டின் நீளத்தை விடச் சற்று ஆழமாக இருந்தால் இப்போதைக்குச் சரி. கிணற்றுத் தண்ணீர் நல்லது. நம்மூர்த் தண்ணீரின் சுண்ணாம்பு ஓட்டில் வெள்ளையாகப் படியும். பயப்பட வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். பில்ற்றர் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட நாளாவது மாற்ற வேண்டும்.

இனிச் சாப்பாடு. காய்ந்த கூனி வெறும் தின்பண்டம். அதையே கொடுத்து வளர்த்தால் விற்றமின் ஏ குறைந்து சில மாதங்களில் கண் வீங்கும். முதன்மை உணவு ஆமைக்கென்று விற்கும் பெலற். ஒரு நேரத்துக்கு அதன் தலை அளவு, தினமும் ஒரு தடவை. வாரத்தில் இரண்டு நாள் பெலற்றுக்குப் பதில் மருந்தடிக்காத மண்ணில் எடுத்த மண்புழு, அல்லது பச்சை இறால் பொடியாக நறுக்கி. நெத்தலி மலிவென்று அதையே கொடுத்துவந்தால் விற்றமின் பி1 குறைந்துபோகும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. கருவாடு கூடவே கூடாது. தண்ணீருக்குள் போட்டால்தான் விழுங்கும். வெளியே வைத்துவிட்டு, சாப்பிடவில்லை என்று கவலைப்படாதீர்கள். வளர வளர இலை தின்னத் தொடங்கும். பசளியை மட்டும் அடிக்கடி கொடுக்காதீர்கள், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துவிடும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மீன் சந்தையில் கணவாய் வெட்டுபவரிடம் கேட்டால் ஓட்டைச் சும்மாவே தருவார். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு உப்பை எடுத்து, வெயிலில் காயவையுங்கள். ஒரு பக்கம் நகம் போலக் கெட்டியாக இருக்கும், அதைக் கத்தியால் உரித்து எறிந்துவிடுங்கள். மிஞ்சும் வெள்ளைப் பகுதியை உடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டால் வேண்டியபோது கொறிக்கும்.

மாமியார் சொல்வதற்கு வருவோம். சகுனம் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் அவரது எச்சரிக்கை முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். நமக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும் சல்மொனெல்லா கிருமியை ஆமைகள் தமக்கு நோய் இல்லாமலே சுமக்கும். சின்னக் குஞ்சுகளைப் பிள்ளைகள் வாயில் வைத்து நோய்ப்பட்டதால்தான் அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடை செய்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களும் வயதானவர்களும் தொட வேண்டாம். மகள் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். தொட்டித் தண்ணீரை அடுப்படித் தொட்டியில் ஊற்றாதீர்கள். கீரைப் பாத்திக்கும் வேண்டாம், வாழைக்கு ஊற்றலாம்.

கிணற்றில் விட்டுவிடச் சொல்பவர்களும் இருப்பார்கள். ஏறிக் காய இடமில்லாமல் குஞ்சு அங்கே பிழைக்காது. நீங்கள் குடிக்கும் தண்ணீரும் கெடும். ஆரியகுளம், கோயில் கேணி என்று வெளியில் விடுவது அதைவிட மோசம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது, நம்மூர்ப் பாலாமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். இன்று காசு அளவில் இருக்கும் பெண் ஆமை 25 சென்ரிமீற்றர் வரை வளரும், இருபது முப்பது வருடம் வாழும். மகள் கல்யாணம் செய்து போனபின்பும் ஆமை உங்கள் வீட்டில்தான் இருக்கும். பெரிய தொட்டிக்கு இப்போதே இடம் பாருங்கள்.

கண்ணை மூடிய குஞ்சை இன்றே தனிப் பேசினுக்கு மாற்றுங்கள். விற்றமின் ஏ குறைபாடு இவ்வளவு சீக்கிரம் தெரியாது; குளிரும் அழுக்குத் தண்ணீரும்தான் காரணமாக இருக்க வேண்டும். மருந்துக் கடையில் விற்றமின் வாங்கி ஊட்டாதீர்கள், அளவு கூடினால் தோல் உரியும். வாயைத் திறந்து திணிக்கவும் வேண்டாம். தண்ணீர் 28 பாகைக்கு வந்து இரண்டு மூன்று நாளாகியும் கண் திறக்காவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினால் அது நுரையீரல் சளி, அன்றைக்கே போக வேண்டும். கொண்டுபோகும்போது தண்ணீரில் வைக்காதீர்கள். துளை போட்ட பெட்டியில் ஈரத்துணி விரித்து வைத்தால் போதும். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று வைத்தியர் கேட்பார், அந்தக் கூனிப் பக்கற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.